பாதிக் காசு

ஜெகதேவி சாலையில் கல் அறுக்கும் கம்பெனி.
பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே
என் மேசை, என் ஊசி.
ஊசி முனையில் கடுகில் பாதி வைரம்,
சம்பளத்தில் பிடித்துக்கொண்டுதான் தந்தார்கள்.

செத்தவர்கள் முகத்தைக் கறுப்புக் கல்லில் கொத்துவது வேலை.
ஒரு குத்துக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.
இருட்டை நான் செய்வதில்லை.
அது மலையின் அடிவயிற்றிலிருந்து
லாரியில், எடை போட்டு, வந்துவிடுகிறது.

அறுவை மெஷின் மாட்ட இத்தாலியிலிருந்து வந்த ஃபாபியோ
போகும்போது ஒரு காலண்டரை விட்டுப் போனான்.
பன்னிரண்டு படமும் ஒரே ஆள் வரைந்தது,
பெர்னாபே ஸால்வி, நானூறு வருஷத்துக்கு முந்தியவன்.
அவனும் கல்லின்மேல் வரைந்தவன் என்று
கையால், போனால், மூன்று தமிழ்ச் சொல்லால் சொன்னான் ஃபாபியோ.
இருட்டைப் பூசச் சோம்பல்பட்டுத்தான் கறுப்புக் கல் வாங்கினான்
என்று அந்த ஊரில் பேச்சாம்.

ஆகஸ்ட் மாதத்தில் துணி வெளுப்பவள் ஒருத்தி.
கன்னம், மூக்கு நுனி, ஈரக் கையில் இரண்டு விரல்.
மீதியெல்லாம் கல்.
டீ குடிக்கும்போதெல்லாம் பார்த்தேன்,
அந்த மீதியும் அவளாகத்தான் இருந்தது.

கடன்காரர் முன்கதவைத் தட்டப் பின்கதவால் ஓடியே
மூன்று ஊர் மாறியவன், கடைசியில் காய்ச்சலில் போனான்.
செத்த வீட்டில் சாமான் கணக்கு எடுத்தார்களாம்.
காலண்டரின் பின்தாளில் இருக்கிறது:
மெழுகுவர்த்தித் துண்டு பதினேழு.
ரசம் போன கண்ணாடி ஒன்று.
தூரிகை ஒன்பது, அதில் நான்கு மொட்டை.
வரவேண்டிய பாக்கி: மடத்துத் தலைவர், கல்லில் ஒரு படம்,
பாதிதான் கொடுத்தார்,
முகம் பாதிதான் இருந்ததென்று.

திம்மராயன் வந்தது மாங்கூழ் ஃபேக்டரிகள் ஓடும் மாதம்.
காற்றையே ஈ மொய்க்கும்.
சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் மாரக்கா.
“ஸ்டுடியோக்காரன் வெளுத்துட்டான்மா.
கல்யாணப் படத்துலயும் அதேதான்.
இவ கறுப்பு. நல்ல கறுப்பு. அப்படியே வரணும்.”

கறுப்புக் கல்லில் கறுப்புப் பொம்பளை.
ஏழு வருஷமாக நானும் வெளுத்துக்கொண்டுதான் இருந்தேன்,
இத்தனைக்கும் யாரும் கேட்டதில்லை.
மூன்று நாள் ஊசியை எடுத்து எடுத்து வைத்தேன்.
நான்காம் நாள் கரண்ட் இல்லை.
தகரத்து ஆணி ஓட்டை வழியே வெயில் இறங்கி
கல்லின் இடது ஓரத்தில் நின்றது.
அது நகர்வதற்குள்
நெற்றி விளிம்பு, புருவ எலும்பு,
மூக்குத்தி (எட்டே குத்து),
கீழுதடு, தாடையில் ஒரு தழும்பு.
தழும்பு படத்தில் இல்லை, அவர் சொன்னது.
நிறுத்தினேன்.
குத்தும்போது வலிக்காத கை அப்போதுதான் வலித்தது.

“இன்னொரு கண்ணு?”
“இருட்டுல இருக்குங்க.”
“காது?”
“அதுவும்.”
குனிந்தார்.
பாலிஷ் போட்ட வலப்பாதியில்,
மாரக்கா இருக்க வேண்டிய இடத்தில்,
ஒரு நரைத்த மீசை அவரையே பார்த்தது.
துண்டால் துடைத்தார். போகவில்லை.

பேசியது ஏழாயிரம். எண்ணி வைத்தது மூவாயிரத்து ஐந்நூறு.
“பாதிதானே இருக்கா.”
மீதியை மேனேஜர் என் கணக்கில் எழுதினார்.
மாங்காய் டெம்போவில் வைக்கோல் பரப்பி
வானம் பார்க்கப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்.

ஃபாபியோவுக்குப் போட்டோ அனுப்பினேன்.
ஒரு கட்டைவிரல் வந்தது, அவ்வளவுதான்.

கார்த்திகையில் ஒரு ராத்திரி போன்.
காற்று இரைச்சல், எங்கோ நாய்.
“ஏம்மா, வெளக்கை எந்தப் பக்கம் வெக்கணும்?”
“இடது பக்கம்.”
ஒரு தீக்குச்சி உரசியது. அணைந்திருக்கும், இன்னொன்று.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
நானும் வைக்கவில்லை.
“ம்” என்றார்.
“மீதிப் பணம் பொங்கலுக்கு.”

பொங்கல் போய்விட்டது.
காலண்டர் இன்னும் ஆகஸ்டில்தான் தொங்குகிறது.