கைமாற்று

புதுவயலில் எல்லோருக்கும் இருமல் உண்டு.
ஆலைப் புகைபோக்கி எத்தனை என்று எண்ணியதில்லை,
காயப்போட்ட வேட்டியில் விழும் கரும்புள்ளியையும்.
இங்கே யார் இருமினாலும்
யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் ஆலையில் கணக்கு எழுதுகிறேன்.
மூட்டை, ஈரப்பதம், லாரி எண், கூலி.
இருபத்தெட்டாம் வாரம்
வயிறு மேசை விளிம்பைத் தொட்டது.
நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன்,
பேரேடு எட்டவில்லை.

காரைக்குடி டாக்டர் கேட்டார்:
வீட்டில் யாருக்காவது இருமலா?
"புதுவயல், டாக்டர்" என்று சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
உமி இருமல் வேறு, கக்குவான் வேறு.
பெரியவர்களுக்கு அது இரண்டு மூன்று மாதத் தொல்லை.
பச்சைப்பிள்ளைக்குச் சில நேரம்
இருமக்கூடத் தெரியாது.
மூச்சை நிறுத்திக்கொள்ளும்.

சுகாதார நிலையத்தில் போட்ட ஊசியில் இது இல்லையாம்.
தனியே வாங்க வேண்டும்.
விலை கேட்ட செல்வரங்கன்
"பிள்ளைக்குத்தானே, பிறந்ததும் போட்டால் என்ன?" என்றார்.
நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.

டாக்டர் சீட்டின் பின்பக்கம்
பெரிய வட்டம், உள்ளே சின்ன வட்டம், நடுவே ஒரு கோடு.
பிள்ளையின் முதல் ஊசிக்கு ஆறு வாரம் ஆகும்.
அதுவரை அதற்கென்று ஒன்றும் கிடையாது.
இப்போது போட்டால் பதினைந்து நாளில்
உங்கள் ரத்தம் எதிர்ப்புப் பொருள் செய்யும்,
நஞ்சுக்கொடி அதை வாங்கி வாங்கி உள்ளே தள்ளும்,
உங்களிடம் இருப்பதைவிட
அங்கே கூடுதலாகச் சேர்ந்தாலும் சேரும்.

நஞ்சுக்கொடி.
இதற்கு இப்படி ஒரு பெயர் வைத்தது யாரோ.
நானறிந்த தராசுகளில்
வாங்குகிறவன் பக்கம் சாய்ந்தது
இது ஒன்றுதான்.

வலது கையை நீட்டியது என் முட்டாள்தனம்.
இரண்டு நாள் இடது கையால் எழுதிய ஒன்பதுகள்
ஏழு மாதிரி நின்றன.
முதலாளி கூப்பிட்டுக் கேட்டார்.

ஆனியில் பெண் பிறந்தாள்.
ஐந்தாம் வாரம் சுமை தூக்கும் சோணைமுத்து
இருநூறு ரூபாயும் கிலுகிலுப்பையும் கொண்டுவந்தான்.
தொட்டிலுக்குள் குனிந்தான்.
இருமினான்.
நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மறுபடி இருமினான்,
கடைசியில் தண்ணீர் வற்றிய அடிபம்பு போல
ஒரு இழுப்பு.
உமி, என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நாலு நாள் கழித்து வருகைப் பதிவேட்டில் அவன் இல்லை.
காரைக்குடியில் பரிசோதித்தார்களாம்.
கக்குவான்.

டாக்டர் பிள்ளைக்கு ஒரு மருந்தும் கொடுத்தார்.
நான் பழைய பேரேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்.
இரவு 10.20, மூச்சு 44.
1.05, மூச்சு 38.
2.40, மூச்சு 46. மூக்கு சுருங்கியது. தும்மல்தான்.
இருபத்தொரு நாள்.
ஒன்றும் வரவில்லை.

என் ஊசியா, அந்த மருந்தா,
அல்லது சோணைமுத்துவின் இருமல்
கொசுவலைக்கு வெளியிலேயே விழுந்துவிட்டதா?
எந்தத் தலைப்பில் வரவு வைப்பது?
வராததற்கு ரசீது இல்லை.

அதற்கு நடுவில் ஆறாம் வாரம் அவளுடைய முதல் ஊசி.
செவிலியர் ஜெஸிந்தா தொடையைத் துடைத்தபடி சொன்னார்:
நீங்க கொடுத்தது உள்ளே இருக்கும்வரை
இவ உடம்பு இதைக் கொஞ்சம் மந்தமாத்தான் படிக்கும்,
பரவாயில்ல, பத்தாம் வாரமும் பதினாலாம் வாரமும்
தவறாம வாங்க.

சுருக்கென்றது.
பார்த்துப் பார்த்துக் கொடுத்ததும்
கொஞ்சம் குறுக்கே நிற்குமா?
எப்படியும் அது கைமாற்றுதான்.
வட்டி கிடையாது, திருப்பவும் வேண்டாம்,
ஆனால் ஐந்தாறு வாரத்துக்கொருமுறை
பாதி பாதியாய்க் கரைந்துகொண்டிருக்கிறது
அவள் கணக்கு திறக்கிற அதே நேரத்தில்.

ஊசி இறங்கியதும்
வாய் முழுக்கத் திறந்தது, சத்தம் வரவில்லை.
ஒரு நொடி. இரண்டு.
எண்ணிக்கொண்டிருந்தேன்.
பிறகு மருந்தகம் வரை கேட்டது அழுகை.

அன்று ராத்திரி செல்வரங்கன் இருமினார்.
உமிதான் என்றார்.
நான் எழுந்து விளக்கைப் போட்டேன்.