மொட்டைத் தலை, முழங்கால்

மூன்றாம் மாடி, வலிப்பு நோய்ப் பிரிவு.
ஓசூர் சாலையில் ஆம்புலன்ஸ்கள்
சிக்னலில் நின்று அழுதுகொண்டிருக்கும் நேரம்.
நான் ஒலிபெருக்கியின் குமிழைத் திருகுகிறேன்.

கிளமெண்டின் மண்டைக்குள்
முடியை நான்காய்க் கிழித்த மாதிரிக் கம்பிகள்.
வலிப்பு எங்கே கருக்கொள்கிறது என்று
ஒட்டுக்கேட்கத்தான் வைத்தோம்.
அது வரும்வரை கம்பிகளுக்கும் வேலையில்லை,
கிளமெண்டுக்கும் வேலையில்லை.
கையெழுத்து வாங்கிக்கொண்டு
படம் காட்டுகிறோம்.

ஒரு செல் பேசினால்
காய்ந்த எண்ணெயில் கடுகு விழுந்த சத்தம்.
பட். பட்பட்.
பிறகு ஒன்றுமில்லை.

சினிமா நடிகைக்கு ஒன்றுமில்லை.
விதான சௌதாவுக்கு ஒன்றுமில்லை.
ஒன்பது வருஷம் பார்சல் பிரித்த
ஒயிட்ஃபீல்டு கிடங்குக்குக்கூட
முப்பத்தொன்றாம் கம்பி வாய் திறக்கவில்லை.
அப்புறம் பிரிசில்லா வந்தாள்.
செல்போனில் எடுத்த மங்கல் படம்,
மாரிக்குப்பம் ரயிலின் ஜன்னலோரம்,
பாதி முகத்தில் வெயில்.
சட்டி முழுக்கப் பொரிந்தது.

"தங்கச்சி," என்றார்.
"ஆறு வருஷமா பேச்சில்ல."
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
'உறவு' என்பதில் மட்டும் டிக் அடித்தேன்.

அடுத்தது சீட்டுக்குலுக்கல்.
கணினி ஓர் இடத்தை எடுத்துக் கொடுத்தது:
லால்பாக், கண்ணாடி மாளிகை.
வெறும் மாளிகையைக் காட்டினேன்.
முப்பத்தொன்று தூங்கியது.
பிரிசில்லாவைக் கத்தரித்து
ரயிலைத் தள்ளிவிட்டு
மாளிகைக்கு முன்னால் ஒட்டினேன்.
நிழல் விழும் திசைகூடச் சரியில்லை.
மாளிகைக்கு மாலை, அவளுக்குக் காலை.

"அவ லால்பாக் வந்ததே இல்ல மேடம்.
பூ கண்காட்சிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்.
அன்னிக்குப் பாத்து
நைட் ஷிஃப்ட்டு போட்டுட்டான்."

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்
முடிச்சுப் போட்டால் ஊர் சிரிக்கும்.
எனக்கு அதற்குத்தான் சம்பளம்.

மறுபடி வெறும் மாளிகை.
இரும்பு, கண்ணாடி, யாருமில்லாத புல்வெளி.
பட்.
பட்பட்.
அவள் இல்லாத படத்தில்
அவளுக்கான கடுகு.

எழுந்து போய்
இணைப்பு கழன்றிருக்கிறதா என்று பார்த்தேன்.
கழலவில்லை.
சில விநாடி சேர்ந்து நின்றதற்கே இவ்வளவு ஒட்டுதலா?
கூட்ட ரயிலில்
தோளுரசி நின்றவர்கள்கூட
பையப்பனஹள்ளி வந்தால் மறந்துபோகிறார்களே.

உள்ளே எங்கும்
அவள் படம் மாட்டியிருக்கவில்லை.
இந்தச் செல் வெடித்தால்
அந்தச் செல்லுக்கும் கொஞ்சம் கை அரிக்கும்.
அவ்வளவுதான்.
அந்த அரிப்பைத்தான்
தங்கை என்கிறோம், ஊர் என்கிறோம்,
திருப்பித் தராத கடன் என்கிறோம்.

பன்னிரண்டாம் நாள் அறுவை.
எடுத்த சதை கொட்டைப்பாக்கு அளவு,
ஃபார்மலினில் வெளிறிக் கிடந்தது.
முப்பத்தொன்று கேட்ட செல்
அதோடு போனதா, தப்பித்ததா,
யாரும் எழுதி வைக்கவில்லை.

தையல் பிரித்த அன்று
கடைசியாக ஒரு படம்.
மாளிகையை வெகுநேரம் பார்த்தார்.
"இங்க யாரோ நின்னுட்டு இருந்தாங்க, இல்ல?"
விதிப்படி பதில் சொல்லக் கூடாது.
சொல்லவில்லை.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
திரை தானாக அணைந்தது.

வீட்டுக்குப் போய் நாலு மாதம்.
லால்பாக் போனாரா, போன் போட்டாரா,
தெரியாது. கேட்க எனக்கு எண்ணுமில்லை,
எண் இருந்தாலும் கேட்டிருப்பேனா தெரியாது.

விடுமுறை நாள். ஜெயநகர் வீட்டில்
ரசத்துக்கு எண்ணெய் காய்கிறது.
கடுகு போடுகிறேன்.

நேரில் நான் பார்த்தேயிராத பெண் ஒருத்தி,
பாதி முகத்தில் காலை வெயிலும்
காலடியில் தப்பான நிழலுமாக
அடுப்பங்கரையில் வந்து நிற்கிறாள்.

கறிவேப்பிலையைக் கையில் பிடித்தபடி
அவள் நகரட்டும் என்று நிற்கிறேன்.
கடுகு கருகுகிறது.