மத்தி டப்பா மூடி

நேற்று மாலை ஐந்தரைக்கு லாரி நின்றது.
மழைக்காலத்து உயூனி உப்புவெளி.
சாண் ஆழத் தண்ணீர், அதற்குக் கீழே பாறையாய் உப்பு.
உப்புத் தண்ணீர் வயரைத் தின்றுவிட்டால்
மந்திரித்தாலும் எஞ்சின் பேசாது.

ஜாக்கி வழுக்கியது எட்டு மணிக்கு.
ஃபோர்த்துனாத்தோவின் கணுக்கால் இப்போது
எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நான் பார்க்கவில்லை.
கோக்கா இலையை மென்றபடி சொல்கிறான்:
"காசில்தா, உன் லைசென்ஸைக் கிழித்துப் போடு."
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்கிறான்.
சொல்லாதபோதுதான் எனக்குப் பயம்.

நடந்து போகலாம்தான், பதினைந்து கிலோமீட்டர்.
திரும்பி வருவதற்குள் இருட்டும்,
இருட்டில் இந்த லாரி எங்கே என்று
யாரைக் கேட்பது, நட்சத்திரங்களையா?
அவையும் காலடியில்தான் கிடக்கும்.

பக்கக் கண்ணாடி இரண்டும்
ஒருரோ சந்தையில் திருடு போய் மூன்று மாதம்.
போன் செத்தாயிற்று.
மிச்சம் ஒரு மத்தி மீன் டப்பா.

தின்று முடித்து மூடியைப் பிய்த்தேன்.
இலையோடு கடிக்க அவன் வைத்திருந்த சாம்பல் உருண்டையைப் பொடித்து
எச்சில் தொட்டு இரவெல்லாம் தேய்த்தேன்,
முன்பக்கம், பின்பக்கம்.
மீன் படம் போனது. கம்பெனி பெயர் போனது.
விலை மட்டும் போக மறுத்தது.
நடுவில் ஆணி வைத்து, ஸ்பேனரால் ஓர் அடி.

இங்கே மேலும் விடியும், கீழும் விடியும்.
கண் போகும் மட்டும் ஒரே கண்ணாடி.
அதில் நின்று கையகல மூடியை ஆட்டுவது
கடலில் நின்று "ஈரம், ஈரம்" என்று கத்துவது.

ஆனாலும் தூக்கிப் பிடித்தேன்.
ஓட்டைக்குள் கொல்ச்சானிக் கரை, மயிரிழைப் பழுப்பு.
அதன் வழியே நுழைந்த வெயில்
என் கன்னத்தில் பொட்டாய் விழுந்தது.
அந்தப் பொட்டை மூடியின் முதுகில் பார்த்துக்கொண்டே
மணிக்கட்டைச் சாய்த்தேன்,
பொட்டு ஊர்ந்து ஊர்ந்து
ஓட்டைக்குள்ளேயே விழுந்து மறையும் வரை.
என் முகத்தில் அது தொலைந்தால்
கரையில் யார் கண்ணிலோ இருக்கும்.
இருக்க வேண்டும்.

மூன்று வெட்டு. கையால் மறைப்பு. மூன்று வெட்டு.

ஒன்பது. பத்து.
தொலைவில் ஒரு ஜீப்
தன் தலைகீழ் ஜீப்பின் மேலேயே ஓடிப்போனது.
ஃபோர்த்துனாத்தோ பேச்சை நிறுத்தி நேரமாகியிருந்தது.

பதினொன்றேகாலுக்கு அந்தப் பக்கம் ஒரு மினுக்கல்.
ஜன்னலாக இருக்கலாம்.
தண்ணீராக இருக்கலாம்.

இரண்டு.

மூன்று.

உப்பு வெட்டும் எவரிஸ்தோ
அவனை வண்டியில் ஏற்றியபடி சொன்னான்:
"ஒருமுறை மின்னினால் தண்ணீர்.
இரண்டுமுறை மின்னினாலும் தண்ணீர்தான்.
மூன்று மின்னி, நின்று, மறுபடி மூன்று என்றால்
அங்கே யாரோ எண்ணுகிறார்கள்.
என்னிடம் மண்வெட்டிதான் இருந்தது.
உப்பு தேய்த்தது, நன்றாகவே மின்னும்."

ஃபோர்த்துனாத்தோ கண்ணைத் திறக்காமல் கேட்டான்,
"மீன் மிச்சம் இருக்கிறதா?"
இல்லை என்றேன்.
"லைசென்ஸைக் கிழி" என்றான்.