வரிக்கு இருபத்தெட்டு எழுத்து

கால்டிகாட் குன்றின் மேல், குளிர்சாதன அறைக்கு
ஏழு சுருளாக வந்து சேர்ந்தது அந்தப் பழைய படம்.
டப்பாவில் துரு. உள்ளே
வடமேற்கு எல்லை, ஒரு கோட்டை,
மூன்று வெள்ளைக்காரச் சிப்பாய்கள்,
மலை கொள்ளாத எதிரிகள்.

திரைக்கு அடியில் தமிழ் எழுதுவது என் வேலை.
வரிக்கு இருபத்தெட்டு எழுத்துக்கு மேல் கூடாது.
தெலுக் பிளாங்காவில் மூட்டை தூக்கிவிட்டு வந்து
கால் நீட்டி உட்கார்ந்தவர்
நாலு நொடிக்குள் படித்து முடிக்க வேண்டும்.

கர்னல் பேசுகிறார். ஒரு கையில் விஸ்கி,
மறு கையில் உலக வரைபடம். நீளமான வசனம்.
நான் சுருக்கினேன்:
"நாம் இருக்கும்வரை இங்கே அமைதி இருக்கும்."
எண்ணிப் பார்த்தேன், இருபது எழுத்து.
பேரரசு அடங்கிவிட்டது.

எதிரிகளின் தலைவனுக்கு முகமெல்லாம் பழுப்புச் சாயம்.
காதுக்குப் பின்னால், பூசியவன் கை எட்டாத இடத்தில்
ஒரு விரற்கடை வெள்ளை.
அவன் ஆட்கள் கத்துவதற்கெல்லாம்
வசனக் கட்டில் ஒரே குறிப்பு: சுதேசிகள் கூச்சல்.
மலாய் வரிகள் எழுதும் ஹமீதா
அந்த இடங்களை வெறுமையாக விட்டிருந்தாள்.
நானும் விட்டிருப்பேன்.

ஐந்தாம் சுருள். கணவாய்.
நூறு பேர் பாறையிலிருந்து இறங்குகிறார்கள்.
பாறை கலிபோர்னியாவுடையது, குதிரையும்.
ஒரு தோட்டாவுக்கு மூன்று பேர் விழுவது கணக்கு.
முரசுக்கும் குளம்படிக்கும் இடையில், தெளிவாக:

"டேய், சோறு எப்ப போடுவானுங்க?"

நிறுத்தினேன்.
பின்னால் ஓட்டினேன். மறுபடி ஓட்டினேன்.
ஹமீதாவைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியை அவள் காதில் வைத்தேன்.
அவளுக்கு அது கூச்சல்தான்.
எனக்கோ வயிறு சுருண்டது.
பக்கத்தில் ஓடுகிறவன் ஈட்டியைத் தூக்கியபடியே
பதில் சொல்கிறான்: "செத்தப்புறம்."

சொன்னபடி செத்தார்கள்.
கேட்டவன் காமிராவுக்கு அருகிலேயே விழுந்தான்.
கால் கட்டைவிரல் ஒரு ஈயை விரட்டியது.

யார் இவர்கள்? எந்தக் கப்பலில் கரி அள்ளிப் போய்
எந்தத் துறையில் இறங்கி ஓடியவர்கள்?
குதிரையிலிருந்து விழக் கூடுதல் கூலி உண்டா?
யாரிடம் கேட்பது.

வீட்டுக்குப் போகும் பேருந்து அவுட்ரம் வழியாகப் போகும்.
பதினைந்தாம் ஆண்டில், சொன்ன சொல் கேட்காத
இந்தியச் சிப்பாய்களை
அங்கே சிறைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள்.
கடைசியில் அவர்கள் ஏதாவது சொன்னார்களா,
யாராவது எழுதிக்கொண்டார்களா, எனக்குத் தெரியாது.
சுவர் இருந்த பக்கம் இப்போது அடுக்குமாடி வீடுகள்.
ஈரச் சட்டைகள், கைக்குக் கை மூங்கில் நுழைத்து,
விரித்த கைகளோடு வரிசையாக.

மறுநாள் மேலதிகாரி டிக்ரூஸ் சொன்னார்:
"வசனக் கட்டில் இல்லாததை எழுதக் கூடாது."
சரி என்றேன்.
சனிக்கிழமை பிற்பகல் அவர் குதிரைப் பந்தயத்துக்குப் போனதும்
எழுதினேன்.
கேள்வி பதின்மூன்று எழுத்து, பதில் ஏழு.
கர்னலுக்கு ஆன அதே இருபது.

ஞாயிறு இரவு ஒன்பதரைக்கு ஒளியேறியது.
யார் பார்த்தார்களோ.
புதன்கிழமை ஒரே ஒரு கடிதம் வந்தது,
உமறுப்புலவர் பள்ளியின் பழைய மாணவராம்,
மு. குழந்தைவேலன், சிராங்கூன் சாலை:
"எப்ப என்பது பிழை. எப்போது என்பதே முறை.
தொலைக்காட்சியில் நல்ல தமிழ் வேண்டும்."

கோப்பில் வைத்தேன்.
டிக்ரூஸ் என்னைக் கூப்பிட்டதும், கத்தியதும் வேறு கதை.

குழந்தைவேலன் ஏழாம் சுருள்வரை விழித்திருக்கவில்லை போல.
அதில் கோட்டை மேல் கொடி ஏறுகிறது, கொம்பு ஊதுகிறார்கள்.
விசுவாசமான சுதேசிப் படை வரிசை கட்டி நிற்கிறது.
இடமிருந்து நான்காவது ஆள் அவன்தான்,
கணவாயில் செத்தவன்,
புதுத் தலைப்பாகை, விறைப்பான சலாம்.
கன்னம் மட்டும் அசைகிறது.
மென்றுகொண்டிருக்கிறான்.

அந்த இடத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை.