நீலம் போன குழாய்

பதினான்கு கிலோ பசலைக்கீரை.
துர்க்கு நகரத்துச் சந்தைக் கூடத்தில், பிப்ரவரியில்,
தராசைப் பார்த்துவிட்டு உர்போ கேட்கிறார்:
"வீட்டில் கல்யாணமா?"
"ஒரு புரதத்துக்கு" என்கிறாள் தைமி.
பில்லில் அவர் அதையே எழுதித் தருகிறார்.

ஆய்வகத்தின் குளிரறையில் நான்கு டிகிரி.
வெளியே மைனஸ் பதினேழு என்பதால்
உள்ளே போகும்போது கோட்டைக் கழற்றுகிறாள்.
அரைக்கிறாள், வடிக்கிறாள், மறுபடி வடிக்கிறாள்.
பச்சை எல்லாம் வழியிலேயே தங்கிவிடும்.
இலை என்றால் பச்சை என்று நம்பியவர்கள்
அத்தோடு வீட்டுக்குப் போகலாம்.
கண்ணாடித் தூணின் அடியிலிருந்து
சொட்டுச் சொட்டாக, மூன்றாவது வாரம்
ஒரு விரற்கடை நீலம் இறங்கியது.

பிளாஸ்டோசயனின்.
பெயர்தான் பெரிது.
தொண்ணூற்றொன்பது மணி கோத்த மாலை
எட்டு இழையாய் மடங்கி ஒரு குட்டிப் பீப்பாய்;
அதன் வாயருகே
ஒரே ஒரு செம்பு அணு.

அதற்கு நான்கு பிடிகள்.
இரண்டு ஹிஸ்டிடின், இறுக்கமாய் ஒரு சிஸ்டீன்,
நான்காவதான மெதியோனின் மட்டும்
கூட்டத்தில் சட்டை நுனியைப் பிடித்தாற்போல,
விட்டும் விடாமல்.
எலக்ட்ரான் வந்தால் செம்பு ஒருவிதமாய் உட்கார விரும்பும்,
போனால் வேறுவிதமாய்.
புரதம் இரண்டுக்கும் இடம் கொடுப்பதில்லை.
இரண்டுங்கெட்டானாகவே நிறுத்தி வைத்திருக்கிறது.
அதனால்தான் வாங்கவும் கொடுக்கவும்
அது அநேகமாய் அசைவதே இல்லை.

இலைக்குள் அதன் வேலை ரொம்பச் சின்னது.
சவ்வுப் பையின் குறுகிய ஈரத்தில்
சைட்டோகுரோம் நீட்டும் ஒன்றை வாங்கி,
வெளிச்சம் பட்டு ஒன்றை இழந்து நிற்கும்
முதலாம் ஒளித்தொகுதியிடம் சேர்க்க வேண்டும்.
ரசீது கிடையாது.
உடனே திரும்ப வேண்டும்.

அன்றிரவு பத்தரைக்கு
தைமி குழாயில் ஒரு சிட்டிகை வைட்டமின் சி போட்டாள்.
நீலம் பின்வாங்கியது. பிறகு இல்லை.
செம்பெல்லாம் ஆளுக்கொரு எலக்ட்ரான் வாங்கிக்கொண்டது என்று அர்த்தம்.

போன் அடித்தது. தங்கை சனெல்மா.
நௌவோ தீவுக்குப் போகிற மஞ்சள் படகு
பனிக்கட்டியில் சிக்கிப் பாதியில் நிற்கிறதாம்;
மேலே நான்கு கார், ஒரு பால் லாரி, இவள்.
கேட்டுக்கொண்டே திரும்பி வந்து,
அலசின தண்ணீர் என்று நினைத்து
தைமி குழாயைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

கை கவிழ்ந்திருக்கும்போதே தெரிந்துவிட்டது.

"ஏன் பேச்சையே காணோம்?" என்றாள் சனெல்மா.
"ஒன்றுமில்லை. லாரிக்காரர் பால் தருகிறாரா?"

வெறுங்கையோடு இருந்திருந்தால்
நீலமாய் இருந்திருக்கும், நிறுத்தியிருப்பாள்.
சுமந்துகொண்டிருந்ததால்
கண்ணுக்குத் தெரியவில்லை.

இனி வடிகால், சுத்திகரிப்பு நிலையம், பால்டிக் கடல்.
புரதத்தை வழியில் யாராவது தின்றுவிடுவார்கள்.
செம்பைத் தின்ன முடியாது.
செம்பு கிடைக்காத நீரில் சில பாசிகள்
இரும்பு வைத்த இன்னொரு புரதத்தைக் கொண்டு
இதே வேலையைச் செய்து காலம் தள்ளுகின்றன,
சிவப்பாக, குறையில்லாமல்.
செம்பு வந்தால் அதை ஓரங்கட்டிவிட்டு
நீலத்துக்கு மாறிக்கொள்ளும்.
அப்படி ஒன்றிடம் இது போய்ச் சேரலாம் என்று
நான்தான் நினைக்கிறேன்.
அவள் நினைக்கவில்லை.

அவள் நோட்டில் இருப்பது இவ்வளவுதான்:
"ஊற்றிவிட்டேன். என் தவறு.
சனிக்கிழமை கீரை, பதினான்கு கிலோ."
கீழே, வேறு பேனாவில்:
"படகு நாலேகாலுக்குக் கரை சேர்ந்தது."