சாட்சிப் பூச்சு

சாவி ரொட்டிக் கடையில் இருக்கும் என்றார்கள்.
இருந்தது. முழங்கை நீளம்,
பற்களின் இடுக்கில் மாவு.
ஒப்துலியா ஏப்ரனைக் கழற்றாமலே
எனக்கு முன்னால் குன்றேறினாள்.
பாதாம் மரங்கள் பூ உதிர்த்து முடித்திருந்தன;
பிஞ்சுகளில் பூனைக்காதின் மென்மயிர்.
"இந்த மாதம்தான் பயம்" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

நான் சரகோசாவிலிருந்து வந்தவன்.
விரிசல் அளப்பவன்.

வெளியே ஆட்டுக்கொட்டில் போல ஒரு கல்வீடு.
கதவு திறந்ததும்
யாரோ பேச்சை நடுவில் நிறுத்தியதுபோல் பொன்.
முறுக்கிப் பிழிந்த ஈரத்துணியாய் நான்கு தூண்கள்,
அவற்றில் திராட்சை, திராட்சையைக் கொத்தும் குருவி,
கன்னம் உப்பிய குட்டித் தேவதைகள்
ஒன்றன் காலை ஒன்று மிதித்துக்கொண்டு.
பளிங்கென்று நினைத்துத் தொட்டது
சுண்ணாம்பில் தீட்டிய பளிங்கு.
பரோக் காலத்து ஏழை ஊர்
தன்னிடம் இல்லாததையெல்லாம்
இந்த ஒரே அறையில் வாங்கி அடுக்கியிருந்தது.

நடுவில் சான் லமெரோ.
வலக்கை உயர்த்தி, உள்ளங்கை வானுக்கு:
ஆலங்கட்டியைத் தடுக்கும் கை.
போரில் எரிந்த கைக்குப் பதிலாக
வண்டி செய்பவர் ஒருவர் செதுக்கிப் பொருத்தியது.
ஒரு சாண் நீளம் அதிகம்.
யாரும் குறை சொல்லவில்லையாம்,
இன்னும் கொஞ்சம் உயரத்திலேயே தடுப்பார் அல்லவா.

விரிசல், விதானத்துச் சொர்க்கத்தில் தொடங்கி
ஒரு தேவதையின் எக்காளத்தை இரண்டாக்கி
பீடத்தின் பின்சுவரில் இறங்குகிறது.
அதன் குறுக்கே எனக்கு முன் வந்தவர்கள் அப்பிய
ஜிப்சப் பட்டைகள், ஒவ்வொன்றிலும் தேதி.
எங்கள் தொழிலில் அதற்குச் சாட்சி என்று பெயர்.
சுவர் அசைந்தால் சாட்சி உடையும்.
1968 உடைந்திருந்தது. 1991 உடைந்திருந்தது.
2007இல் ஒரு மயிரிழை.

அளவுகோலோடு பின்னால் நுழைந்தபோதுதான்
புனிதரின் முதுகைப் பார்த்தேன்.
முதுகே இல்லை.
கண் எட்டும் தூரம்வரைதான் பொன்;
பின்னால் குடைந்த பைன்மரம், உளித்தழும்பு,
காலியான குளவிக்கூடு.
அந்தக் குழிவில் கரியாலும் பென்சிலாலும்
பல கைகளில் ஆண்டுகள்:
1779. 1834. 1835. 1902.
கடைசியில், பால்பாயிண்ட் பேனாவில், 2018.

"நன்கொடைக் கணக்கா?" என்றேன்.
"அவர் தூங்கிப்போன வருடங்கள்" என்றாள்.
"முன்னால் எழுதினால் அவருக்கு அவமானம்.
எழுதாமல் விட்டால் எங்களுக்கு."

2018 அவள் கையெழுத்தா என்று கேட்கவில்லை.
எட்டின் வயிற்றில் மாவு ஒட்டியிருக்கிறதா என்று
டார்ச் அடித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

ஜிப்சம் குழைத்தேன். சுவர்
ஆற்றுப்பக்கம் சாய்கிறது என்று சொன்னேன்,
பதினாறு ஆண்டில் ஒன்றரை மில்லிமீட்டர்.
"விழ எத்தனை நாள்?"
கணக்குப் போட்டேன். "நம் காலத்தில் இல்லை."
"அவர் காலத்தில்?"
அதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை.

திறந்த கதவுக்கு வெளியே, மேற்கு முகட்டில்
ஈயநிற மேகம் ஒன்று உட்கார்ந்திருந்தது.
அவள் அதைப் பார்த்தாள். அந்த நீண்ட கையைப் பார்த்தாள்.
பிறகு குனிந்து
இன்றைய தேதி கீறிய ஈரப்பட்டையை
குழந்தைக்குப் பால் ஊதுவதுபோல்
மெல்ல ஊதினாள்.