மூச்சு வந்ததும்

பாறைன்னா எங்களுக்கு
வெயில் குடித்துக் கிடக்கும் காட்பாடி மலை.
ஸ்டார்வினுக்கு மீன்.

அந்தமானுக்கும் அப்பால், பேரில்லாத ஒரு பார்,
ரஷ்யாக்காரன் ஒருவனுக்குப் படகோட்டப் போனான்.
வர்ணம் பூசிய மரமீன் அலைமேல் டொப் டொப்பென்று குதிக்க
அடியிலிருந்து கறுத்து ஏறியதாம்.
முப்பத்தெட்டு கிலோ.
நூல் பவளத்தில் உரசுமுன்
இவன் கையில் சுற்றிப் பிடித்தான்.

மீனை அளந்தார்கள்,
மடியில் கிடத்திப் படம் எடுத்தார்கள்,
வாலைப் பிடித்துத் தண்ணீரில் ஆட்டி
மூச்சு வந்ததும் விட்டுவிட்டார்கள்.

இவனுக்கு இரண்டு விரல் நரம்பு.
கப்பல், ரயில், காந்தி ரோடு லாட்ஜ்,
பிறகு என் மேசை.

மே மாதம். ஃபேன் சூட்டைத்தான் சுற்றிவிடுகிறது.
பிடிமானியில் முள் நான்கு கிலோ.
இரண்டு வாரம் கழித்து ஆறு.
சலித்துப்போய்
ரப்பர் பட்டையின் மறுமுனையை என்னிடம் நீட்டி
"ஓடுங்க சிஸ்டர்" என்றான்.

மெரினாவில் முழங்கால் வரை,
அவ்வளவுதான் என் கடல்.
ஆனாலும் ஓடினேன்.
எடை மெஷினைச் சுற்றி இடப்பக்கம் வெட்டித் திரும்பினேன்.
தலையை ஏன் தாழ்த்தினேன், தெரியாது.
வரிசையிலிருந்த வங்காளத்து அம்மா
வாயில் முந்தானை வைத்துச் சிரித்தாள்.
அவன் குதிகாலை ஊன்றிக்கொண்டான்.

"போதும், விடுங்க."
விரல் திறக்கவில்லை.
மடங்க வருகிறது, விரியத்தான் இன்னும் வரவில்லை,
அட்டையில் அதைத்தான் எழுத வேண்டும்.
மோதிர விரல், பிறகு சுண்டு விரல்,
பட்டையிலிருந்து நானே பிரித்தெடுத்தேன்.

குனிந்து என் முகத்தைப் பார்த்தான்:
"மூச்சு வந்துடுச்சா சிஸ்டர்?"